எஃப்-ஃபோர் காத்திருந்த ஆட்டம்

இரண்டாவது நகர்த்தலிலேயே தோற்கத் தொடங்கி, அதற்காகச் சந்தோஷமும் பட்ட ஒரே மனிதரை நான் ஓசூர் சிப்காட்டில்தான் பார்த்தேன். எங்கள் கம்பெனியில் அவருக்குப் பெயர் எஃப்-ஃபோர். செஸ் பலகையில் முதலில் ராஜாவின் சிப்பாயைத் தள்ளுவார். அடுத்து பக்கத்துச் சிப்பாயை எஃப்-ஃபோர் கட்டத்தில் வைத்து, "எடுத்துக்கப்பா" என்பார். கிங்ஸ் கேம்பிட் என்ற அந்தத் தொடக்கத்தைத் தவிர வேறெதையும் ஆடமாட்டார்.

வேலையோ குவாலிட்டி இன்ஸ்பெக்‌ஷன். பாகம் நூலளவு பிசகினாலும் சிவப்புச் சீட்டு ஒட்டுவார். ஒருமுறை கேன்டீன் இட்லிக்கே ஒட்டினார். சரியாக இருந்தால் பச்சை. அதை அதிகம் பேர் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவர் சிப்பாயை மட்டும் சும்மா தூக்கிக் கொடுப்பார்.

காரணம், ஒரு பழைய புத்தகத்தில் அவர் படித்த ஆட்டம். நூறு வருடங்களுக்கு முன் எங்கோ ஐரோப்பாவில் ஒரு டோர்னமென்ட்டில் நடந்தது. வெள்ளை கடைசியில் ராணியையும் பலி கொடுத்து ஜெயிக்கும். அது தன் பலகையில் ஒருமுறை வந்துவிட வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. தோற்கிற கருப்பின் நகர்த்தல்களை எவன் வரிசையாக ஆடுவான்? தினமும் லஞ்ச் நேரத்தில் தோற்றார்.

ஒரு வருடம் கம்பெனிகளுக்கு இடையிலான போட்டியில் கடைசி ஆட்டம் அவருடையது. டிரா செய்தாலே கோப்பை எங்களுக்கு. எதிரே கர்நாடகப் பக்கத்து அத்திப்பள்ளி கம்பெனிக்காரர். பதினேழு நகர்த்தல் வரை அச்சு அசலாக அதே ஆட்டம் வந்தது. பிறகு அத்திப்பள்ளிக்காரர், "ட்ரா மாடோண்வா சார்?" என்று கன்னடத்தில் டிராவுக்குக் கேட்டுக் கையை நீட்டினார்.

"இல்லீங்க, நீங்க ஆடுங்க. இன்னும் நாலு மூவ்தான்" என்றார் எஃப்-ஃபோர்.

அந்த மனிதர் புத்தகத்தில் உள்ளதை விட்டு வேறு குதிரையை நகர்த்தினார். எஃப்-ஃபோர் தோற்றார். கோப்பை எல்லையிலிருக்கும் ஜூஜுவாடி தாண்டிப் போய்விட்டது.

"ஏண்ணா, கை குடுத்திருந்தா கப்பு நம்மளது" என்றேன்.

"பதினேழு வந்துச்சு, பாத்தியாப்பா?"

ஒரு வாரம் யாரும் அவரோடு பேசவில்லை. எனக்கும் கோபம்தான்.

அவர் ரிட்டயர் ஆன அன்று, கருப்பின் நகர்த்தல்களை மனப்பாடம் செய்துகொண்டு கேன்டீனில் அவர் எதிரே உட்கார்ந்தேன். பதினெட்டாவதாகச் சரியான குதிரையை நான் நகர்த்தியதும் நிமிர்ந்து பார்த்தார். ராணியைத் தூக்கிப் பலி கொடுத்தார். இரண்டு நகர்த்தலில் மேட்.

பலகையை வெகுநேரம் பரிசோதித்தார்.

"வேணும்னே ஆடுன நீ. இது ஒரிஜினல் இல்ல."

"தெரியும்ணா."

பையிலிருந்து ஒரு சீட்டை உரித்து என் யூனிஃபார்மில் ஒட்டினார். குனிந்து பார்த்தேன். பச்சை.

வீட்டில் திட்டுகிறார்கள். அந்தச் சட்டையை மட்டும் நான் இன்னும் துவைக்கப் போடவில்லை.