சாத்துக்குடிக்குப் பரிந்து பேச ஓர் ஆள்

சரவணம்பட்டி,
யுவ வருஷம், மாசி மாதம்.

உடுமலைப்பேட்டை மகா-ள-ஸ்ரீ மாப்பிள்ளை ஈஸ்வரமூர்த்தி அவர்களுக்கு, தங்கள் அக்காள் புருஷன் குமாரசாமி எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் இரண்டு எருமைகளும் சௌக்கியம். அவ்விடம் தாங்களும் குழந்தைகளும் அப்படியே இருக்கச் சென்னிமலையாண்டவர் அருள வேணும்.

நிற்க. ஏழு வருஷத்துக்கு முன் தாங்கள் கொண்டுவந்து கொடுத்த சாத்துக்குடிக் கன்றைப் பற்றியே இக்கடிதம். அதைக் கிணற்றடியில் நட்டு வளர்த்தவள் தங்கள் அக்காள். நன்றாக வளர்ந்து போகிற வருகிறவரையெல்லாம் முள்ளால் குத்துகிறதே தவிர, இன்றுவரை ஒரு பூ கிடையாது. காய்க்காத மரத்தை மிரட்டும் வழக்கம் தாங்கள் அறிந்ததே. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் நான் கோடாலியை ஓங்கி வெட்டிப்போடுவேன் என்று சத்தம் போடுவேன். அவள் ஓடிவந்து மரத்தைக் கட்டிக்கொண்டு, "பாவமுங்க, உட்டுப்போடுங்க, வார வருசம் காய்ச்சுப்போடும்" என்பாள். அப்புறம் சோறு போடும்போது, நெசமாவே வெட்டியிருப்பீங்களா என்று வருஷா வருஷம் கேட்பாள். ஆமா என்றுதான் நானும் சொல்லுவேன்.

புரட்டாசியில் அவள் போய்விட்டாள். தையில் கோடாலியை எடுத்த பிறகுதான் கெஞ்ச ஆளில்லை என்று தெரிந்தது. பக்கத்துத் தோட்டத்துக் கோவிந்தராஜுலு நாயுடுவைக் கூப்பிட்டு நிறுத்தினேன். சொல்லிக்கொடுத்ததையெல்லாம் மறந்துபோட்டு, தண்ணிக்குப் புடிச்ச கேடு, வெட்டிப்போடுங்கன்னு அந்தாளு என்னையே அவசரப்படுத்தறாரு. அவரை அனுப்பிப்போட்டு, எருமைக் கட்டுத்தறி கூட்ட வர்ற பூவாத்தாளைக் கூப்புட்டேன். விசயத்தைச் சொல்றதுக்கு முந்தி கோடாலியை ஓங்கினது என் தப்புத்தானுங்க. சம்சாரம் போன துக்கத்துல கவுண்டருக்குப் புத்தி பெரண்டுபோச்சுன்னு அவ ஊரைக் கூட்டிப்போட்டா. நாலு பேரு வந்து கோடாலியப் புடுங்கி, என்னை அதே சாத்துக்குடிக்கு அடியில உக்கார வெச்சு, எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தலையில தேய்ச்சாங்க. சாறு கண்ணுல எறங்கி எரிஞ்சுது. அழுகறாரு, இனிப் பயமில்லைன்னு சொல்லிப்போட்டுப் போனாங்க. எரிச்சல்லதான் தண்ணி வந்துச்சுன்னு எத்தனை சொன்னாலும் ஒருத்தரும் கேக்கலீங்க.

கோடாலி இன்னும் மணியக்காரர் ஊட்டுல கெடக்குது. வெறுங்கையோட நானே இந்தப் பக்கம் நின்னு மிரட்டி, அந்தப் பக்கம் போயிக் கெஞ்சியும் பாத்தேன். மிரட்ட வந்துச்சு. கெஞ்ச வாய் வரலீங்க மாப்பிள்ளை. உங்களுக்கும் உங்கக்கா மாதிரியே இழுத்துப் பேசற குரல். அதனால ஒரு நடை வந்து, அந்த ரண்டு வார்த்தையச் சொல்லிக் குடுத்துப்போட்டுப் போனீங்கன்னா போதும். மத்தபடி எனக்கு இங்க ஒரு கொறையுமில்லை. நானே பொங்கித் திங்கறேன். இதுக்கு மேல யாரும் விசாரப்பட வேண்டாம்.

தங்கச்சிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசீர்வாதத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
குமாரசாமி

பின்குறிப்பு: பூவே இல்லீன்னு மேலே எழுதினது பொய்யிங்க. மரம் போன வாரமே பூத்துப்போச்சு. ஊடு பூரா வாசம். விடியக்காலம் பாத்ததும், அம்மணி, இங்க வந்து பாருன்னு சமையக்கட்டைப் பாத்து உங்கக்காளைக் கூப்புட்டுப்போட்டேன். மரத்துக்குக் கெஞ்ச ஆள் வேண்டியதில்லை. நீங்க வாங்க.