யூகேஜிக்கு வந்த காவிரி

கல்லணைக்கு அடுத்தபடியாகத் தஞ்சைத் தரணியில் மனிதன் கட்டிய மகத்தான அமைப்பு எதுவென்று வருங்காலச் சரித்திர ஆசிரியர்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. பொன்வயல் கல்விக் குழுமத்தின் 'உள்ளம்'தான் அது. கல்லணை வெறும் தண்ணீரைத்தான் பிரித்துக் கொடுத்தது. 'உள்ளம்' மனிதர்களைச் சேர்த்து வைத்தது. எது பெரிய வேலை என்று ஆசிரியர் ஓய்வறையில் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

பொன்வயலுக்கு நீடாமங்கலம், தாராசுரம், நாகூர் என்று டெல்டா முழுக்கப் பள்ளிக்கூடங்கள் உண்டு. தலைமை அலுவலகம் தஞ்சாவூரில். இத்தனை ஊழியர்கள் ஒருவரையொருவர் அறியாமல், அவரவர் பாட்டுக்குப் பாடம் நடத்திக்கொண்டு திரிகிறார்களே என்று தாளாளர் குணசேகரன் மனம் நொந்துபோயிருந்த சமயத்தில், துபாயிலிருந்து ராஜ்குமார் வந்து சேர்ந்தார். அங்கே என்ன வேலை பார்த்தார் என்று யாருக்கும் தெரியாது. இங்கே அவர் 'மக்கள் இணைப்பு இயக்குநர்'. வந்த கையோடு ஊழியர்களுக்கென்றே ஒரு தனி வலைத்தளம் செய்து, அதற்கு 'உள்ளம்' என்று பெயரும் வைத்துவிட்டார்.

தொடக்க விழாவில் ராஜ்குமார் மைக்கைப் பிடித்தார்.

"இனிமே போன் கிடையாது. வாட்ஸப் கிடையாது. ஆளனுப்பிச் சொல்லிவிடுறது கிடையாது. எதுவா இருந்தாலும் உள்ளத்துல போடுங்க."

நீடாமங்கலம் பள்ளியின் பி.டி. மாஸ்டர் இராஜாங்கம் கையைத் தூக்கினார். "சார், பசங்க மயக்கம் போட்டு விழுந்தா?"

"உள்ளத்துல போடுங்க."

"பசங்களையா சார்?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தலைமை ஆசிரியை கலைமகள் அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். கலைமகளுக்கு இதிலெல்லாம் வெறுப்பும் இல்லை, விருப்பும் இல்லை. அன்று மாலை அவர் உள்ளத்தைத் திறந்தபோது அது கடவுச்சொல் தவறு என்றது. மறுபடி திறந்தார். நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்கச் சொன்னது. இருபது வருஷம் தலைமை ஆசிரியையாக இருந்தவரிடம் கேட்கிற கேள்வியா இது?

'உள்ளம்' சீக்கிரமே களைகட்டியது. யார் என்ன எழுதினாலும் அதற்கு இதயம் போடலாம். போடலாம் என்றால், போட வேண்டும். அதிகம் போடுகிறவருக்குத் 'துடிப்பு' ஏறும். துடிப்பு இறங்கியவரை ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூருக்கு அழைத்து 'உள்ள மேம்பாட்டுப் பயிற்சி' தருவார்கள். ஞாயிற்றுக்கிழமையைக் காப்பாற்றிக்கொள்ள மனிதன் என்னதான் செய்யமாட்டான்? பதிவைப் படித்துக்கொண்டிருந்தால் நேரமாகும் என்பதால், படிக்கும் பழக்கத்தைக் கல்விக் குழுமம் முழுமையாகக் கைவிட்டது. தாராசுரம் தமிழய்யா தமிழ்மாறன், மாமனார் இறந்துவிட்டதாகவும் விடுப்பு வேண்டுமென்றும் எழுதினார். நூற்றுக்கணக்கான இதயங்கள் குவிந்தன. "இதுபோல் மேலும் பல சாதனைகள் புரிய வாழ்த்துகள் ஐயா" என்று நாகூரிலிருந்து ஒருவர் எழுதினார். தமிழ்மாறன் நன்றி சொன்னார். சொல்லாவிட்டால் துடிப்பு இறங்கும்.

எந்தப் பதிவானாலும் முதல் இதயம் தாளாளருடையது. விடியற்காலையில் போட்டாலும் அடுத்த நொடியே வந்து விழும். "எம்மாம் பெரிய மனசு பாருங்க!" என்று ஊழியர்கள் உருகினார்கள். அது ராஜ்குமார் பூட்டிவைத்த தானியங்கி இதயம். தாளாளர் 'உள்ளம்' பக்கமே வந்ததில்லை.

ஜூன் மாதக் கடைசியில் காவிரித் தண்ணீர் வந்தது. மேட்டூரைத் திறந்து, ஆறுகள் நிறைந்து, வாய்க்கால்களில் பிரித்துவிட்டார்கள். நீடாமங்கலம் பள்ளியின் மைதானக் கோடியில் ஒரு வாய்க்கால் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்லவேண்டும். அதில் மண்ணடித்து மேடாக்கி, மேலே தகரக் கொட்டகை போட்டு, 'மழலைச் சோலை' என்று பலகை மாட்டி, யூகேஜி குழந்தைகளை உட்காரவைத்திருந்தார் தாளாளர். இந்த ஏற்பாட்டைத் தண்ணீருக்கு யாரும் 'உள்ளத்தில்' தெரிவிக்கவில்லை. அது வழக்கமான வழியிலேயே வந்தது.

கலைமகள் ஓடிப் போய்ப் பார்த்தபோது கொட்டகைக்குள் குழந்தைகள் பெஞ்சுமேல் நின்றுகொண்டிருந்தார்கள். பாதிப் பேர் அழுகை, பாதிப் பேர் கும்மாளம். கொட்டகைக்கும் பெரிய கட்டடத்துக்கும் நடுவே மைதானம் முழங்காலுக்கு மேல் இழுத்துக்கொண்டு ஓடியது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அதில் இறங்கினால் இரண்டு பேருமே போய்விடுவார்கள். பள்ளி வண்டிகளோ ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றிலும் 'உள்ளம்' சின்னம் வரைவதற்காகத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

கலைமகள் ராஜ்குமாருக்குப் போன் செய்தார்.

"மேம், நீங்க போன் பண்ணதே விதிமீறல்."

"சார், புள்ளைங்க தண்ணிக்குள்ள நிக்குதுங்க! உடனே வண்டிய அனுப்புங்க!"

"உள்ளத்துல போடுங்க மேம். போட்டோ வச்சுப் போடுங்க, நல்லா ரீச் ஆகும்."

போட்டார். 'யூகேஜி கொட்டகையில் தண்ணீர். உடனே வண்டி வேண்டும்' என்று எழுதி, நுரைத்துக்கொண்டு வரும் செந்நிறத் தண்ணீரைப் படமும் எடுத்து வைத்தார். தாளாளரின் இதயம் முதலில் விழுந்தது. பிறகு விழுந்தது பாருங்கள், சரம் சரமாக! குழுமத்தில் முக்கால்வாசிப் பேர் விவசாயக் குடும்பம். எழுத்தை யார் படித்தார்கள்? நுரையோடு புதுத்தண்ணீர் வருகிற படத்தைப் பார்த்தால் டெல்டாக்காரனுக்குக் கண் கலங்கத்தானே செய்யும்!

"ஆஹா, வந்துட்டாளா தாயி! பூத்தூவி வரவேற்றீங்களா மேம்?" என்றார் ஒருவர்.

"எங்க ஊருக்கு இன்னும் எட்டிப் பாக்கல. கடைமடைக்காரங்க பாவம் இல்லையா?" என்று நாகூர் ஜன்னத் பீவி டீச்சர் அங்கலாய்த்தார்.

"குறுவைக்கு நாத்து விட்டாச்சா?"

மாமனார் துக்கத்திலிருந்த தமிழ்மாறன்கூடக் காவிரித்தாய் மேல் நான்கு வரி பாடிவிட்டார்.

கலைமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'ஐயா, தண்ணீர் வயலுக்கு வரவில்லை. வகுப்புக்குள் வந்திருக்கிறது' என்று எழுதினார்.

"வகுப்பறைக்குள்ளேயே நேரடிச் செயல்வழிக் கற்றல்! அருமை மேம்!" என்று பதில் வந்தது. அதற்கும் தாளாளரின் இதயம் விழுந்தது.

போனைத் தூக்கி இடுப்பில் செருகினார் கலைமகள். வேலிக்கு அந்தப் பக்கம், குத்தகை வயலில் அம்சம் டிராக்டர் வைத்துச் சேறடித்துக்கொண்டிருந்தாள். அவள் மகள் செம்மொழியும் அந்தக் கொட்டகைக்குள்தான் இருந்தாள். தலைமை ஆசிரியை என்கிற கௌரவத்தையெல்லாம் காற்றில் விட்டுவிட்டு, கலைமகள் வேலியோரம் நின்று தொண்டை கிழியக் கூவினார்.

"அம்சம்! ஏ அம்சம்! ஓடியா!"

எந்தத் தளத்திலும் ஏறாத, எந்த இதயமும் விழாத அந்தச் செய்தி உடனே போய்ச் சேர்ந்தது. இராஜாங்கம் வேலியைத் தாண்டி ஓடி, வரப்போரம் நின்ற டிரெய்லரை மாட்டினார். அம்சம் வேலியை இடித்துக்கொண்டு டிராக்டரோடு உள்ளே வந்தாள். ஒரு பிள்ளை விடாமல் தூக்கிப் போட்டுக்கொண்டு கரையேற்றினார்கள். செம்மொழியை இறக்கி விட்டபோதுதான் அம்சத்துக்கு அழுகை வந்தது.

"என்ன டீச்சர் இது, ஆறு மாதிரில்ல வருது? நாளைக்கும் இங்கயா உக்கார வைப்பீங்க?"

கலைமகள் மாடியை அண்ணாந்து பார்த்தார். அடுத்த முறைத் தண்ணீர் பத்து நாளில் வரும், இதைவிட அதிகமாக வரும். பெரிய கட்டடத்தின் மாடியில் குளிர்சாதன அறை ஒன்று சும்மா கிடந்தது. ஆனால் அது 'உள்ளம் ஒளிப்பதிவுக் கூடம்'. சாவி தஞ்சாவூரில்.

குழுமம் கலைமகளை மறந்துவிடவில்லை. மறுநாள் அவருக்கு இரண்டு அறிவிப்புகள் வந்தன. முதலாவது, அவருடைய தண்ணீர்ப் படம் 'மாதத்தின் மகிழ்ச்சிப் பதிவு' எனத் தேர்வானது. இரண்டாவது, விளக்கம் கேட்கும் குறிப்பாணை. 'உள்ளம் வழியான ஒப்புதலுக்குக் காத்திராமல், வேலியோரம் நின்று கூவுதல் எனும் அங்கீகாரமற்ற தொடர்புமுறையில் ஈடுபட்டது ஏன்? உம்மை ஏன் பணிநீக்கம் செய்யலாகாது என்பதற்கு உள்ளத்திலேயே விளக்கம் பதிவிடவும்.'

இராஜாங்கம் பதறினார். "மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதிடுங்க மேம். உங்க பொண்ணு பூர்ணிமா காலேஜ் போற நேரம். வேலை போச்சுன்னா என்னா பண்ணுவீங்க?"

மகளை நினைத்து, கலைமகள் மன்னிப்புக் கேட்டே எழுதத் தொடங்கினார். நாலு வரிக்குள் அந்தப் பெஞ்சுமேல் நின்ற பிள்ளைகள் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டார்கள். அழித்துவிட்டு இப்படி எழுதினார்:

'கொட்டகை நிற்பது வாய்க்கால் மேலே. வாய்க்காலை மூடியது நம் நிர்வாகம். இது எனக்கும் தெரியும், இங்கே எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே பிள்ளைகளை உட்காரவைத்தோம். நான் கூவியது குற்றமில்லை, இவ்வளவு நாள் கூவாததுதான் குற்றம். யூகேஜியை மாடி அறைக்கு மாற்றி, கொட்டகையைப் பிரித்து, வாய்க்காலைத் திறந்துவிட வேண்டும்.'

பதிந்த அடுத்த நொடி தாளாளரின் இதயம் விழுந்தது. பின்னாலேயே குழுமம் மொத்தமும் விழுந்தது. "அருமை மேம்!" "இன்னும் எதிர்பார்க்கிறோம்!" குறிப்பாணைக்கான விளக்கத்துக்குத் தாளாளர் இதயம் போட்டுவிட்டால் என்ன செய்வதென்று 'உள்ளத்துக்கு' ராஜ்குமார் ஏற்கெனவே கற்றுக்கொடுத்திருந்தார். அது தயங்கவே இல்லை. 'விளக்கம் தாளாளரால் ஏற்கப்பட்டது. அதில் கண்டவாறு நடவடிக்கை எடுக்கவும்' என்று கலைமகளுக்கு உத்தரவு அனுப்பியது. மாடிச் சாவியை அன்று மாலையே கொடுத்தனுப்பும்படி தஞ்சாவூர் அலுவலகத்துக்கும் ஒரு உத்தரவு போனது.

வாராந்திர ஆய்வுக் கூட்டம் தஞ்சாவூரில் கூடியது. எல்லாத் தலைமை ஆசிரியர்களும் வந்திருந்தார்கள். "இந்த வாரம் எல்லாரும் அதிகமா விரும்புன பதிவு, சார்" என்று ராஜ்குமார் பெரிய திரையில் காட்டினார். குணசேகரன் எழுந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கம்பீரமாக வாசிக்க ஆரம்பித்தார். "கொட்டகை நிற்பது வாய்க்கால் மேலே. வாய்க்காலை மூடியது..."

நின்றார். அடுத்த வார்த்தையை அவர் வாசிக்கவில்லை. எதிரே இருந்தவர்கள் மனத்துக்குள் வாசித்துவிட்டார்கள்.

"யார்யா இதுக்கெல்லாம் இதயம் போட்டது?"

யார் போடவில்லை என்று கேட்டிருந்தால் சுலபமாகப் பதில் சொல்லியிருக்கலாம்.

"எல்லாரும் திரும்ப எடுங்க. இப்பவே! இங்க இருக்கறவங்க, ஊர்ல இருக்கறவங்க, அத்தன பேரும்!"

உத்தரவு பறந்தது. போட்ட இதயத்தைத் திரும்ப எடுக்கவேண்டுமானால் பதிவைத் திறந்து கடைசிவரை நகர்த்தியாக வேண்டும். ஆகவே அந்த மத்தியானம், பொன்வயல் வரலாற்றில் முதன்முறையாக, ஒரு பதிவை எல்லோரும் படித்தார்கள். படித்தார்கள், எச்சில் விழுங்கினார்கள், இதயத்தை எடுத்துக்கொண்டார்கள். திரையில் எண்ணிக்கை மளமளவென்று இறங்கியது. கலைமகள் தன் போனில் பெயர்கள் ஒவ்வொன்றாக மறைவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். தமிழ்மாறன் எடுத்தார், ஜன்னத் பீவி எடுத்தார், கூடவே நின்று பிள்ளைகளைத் தூக்கிய இராஜாங்கமும் எடுத்தார். அப்போது கலைமகள் போனைக் கவிழ்த்து வைத்தார்.

எண்ணிக்கை ஒன்றில் வந்து நின்றது.

"அது யாரு அது?" என்று உறுமினார் குணசேகரன்.

ராஜ்குமார் நெளிந்தார். "நீங்கதான் சார்."

"எடுய்யா!"

"எடுக்க முடியாது சார். உங்க பேருக்கு மட்டும் திரும்ப எடுக்குற வசதி வைக்கல. குடுத்தத திரும்பப் புடுங்கறவருன்னு உங்கள யாரும் நெனச்சுடக் கூடாதுன்னு..."

"சரி, வேலையவாவது நிறுத்தச் சொல்லு!"

கலைமகள் எழுந்து நின்றார். "நேத்தே முடிஞ்சுபோச்சு சார். அம்சம் ஜேசிபி கொண்டாந்துச்சு. வாய்க்காலத் திறந்தாச்சு, புள்ளைங்க மாடியில இருக்குதுங்க."

"யாரக் கேட்டும்மா செஞ்சீங்க?"

கலைமகள் திரையைக் காட்டினார்.

ஆகவே, 'உள்ளம்' வீண் செலவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். படித்தவர்கள், பட்டம் பெற்றவர்கள், பிள்ளைகளுக்கு வாய்மை பற்றிப் பாடம் எடுக்கிறவர்கள் எல்லோரும் உண்மையைப் படித்துப் பார்த்து, புரிந்துகொண்டு, அதைவிட்டு ஒதுங்கிப் போன அந்த மத்தியானத்தில், எழுதியவரை விட்டால் கடைசிவரை அதன் பக்கம் நின்ற இதயம் குழுமத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது மனிதருடையது அல்ல.