மேயர் காகிதங்களின் பின்பக்கம்

நூலகவியலில் டிப்ளமோ வாங்கிய முதல் ஆறு மாதத்துக்கு யாரையும் வேலைக்கு எடுக்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம். அந்த ஆறு மாதத்தில்தான் நமக்கு உலகத்தில் எல்லாமே தெரிந்திருக்கும். எனக்கும் தெரிந்திருந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு சாயங்காலம், அடையாறில் நிரம்பி வழிந்த ஒரு மண்டபத்தில், நாற்காலிக்கு அடியில் நுழைந்துகொள்ள முடியுமா என்று நான் அளவு பார்த்துக்கொண்டிருந்ததற்கு அதுதான் காரணம்.

விஷயம் ஒரு மேயரைப் பற்றியது. ஒரே ஒரு வருடம்தான் அவர் மேயர். (அப்போதெல்லாம் அந்தப் பதவி வருடத்துக்கு ஒருவருக்கு.) ஆனால் தி.நகரில் அவருடைய ஜவுளிக்கடை, வீடு, நாய் எல்லாவற்றுக்கும் 'மேயர்' என்ற பட்டம் கடைசிவரை நிலைத்துவிட்டது. அவர் காலமான பிறகு, மனைவி சிவகாமி அம்மாள் ஏழு டிரங்குப் பெட்டி நிறையக் காகிதங்களை நான் வேலை பார்த்த ஆராய்ச்சி நூலகத்துக்குக் கொடுக்க முன்வந்தார். பிரித்து அடுக்கிப் பட்டியல் போடும் வேலை என் தலையில் விழுந்தது.

அது தற்காலிக வேலை. பட்டியல் நன்றாக அமைந்தால் நிரந்தரம் என்று டைரக்டர் சொல்லியிருந்தார். மயிலாப்பூரில் என் அம்மாவுக்கும் எனக்கும் வேறொரு ஒப்பந்தம் இருந்தது. வேலை நிரந்தரமானால் கல்யாணப் பேச்சு இரண்டு வருடத்துக்குக் கிடையாது. இல்லையென்றால் தை மாதம், மதுரை மாப்பிள்ளை. (அவர் மீசையைப் போட்டோவில் பார்த்திருந்தேன். போதும்.)

ஆகவே வெறிபிடித்த மாதிரி வேலை செய்தேன். குடிநீர் ஒரு கட்டு, சாக்கடை ஒரு கட்டு, தெருவிளக்கு ஒரு கட்டு. பெரும்பாலும் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த குறிப்புகள். எனக்கு உதவியாக முனுசாமி என்ற அட்டெண்டர் இருந்தார். நொச்சிக்குப்பத்துக்காரர். தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பார்.

ஒருநாள் தூசி தட்டிக்கொண்டிருந்தவர் ஒரு காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, பின்னாலயும் இன்னாவோ எய்திகீது?"

"அதெல்லாம் ரஃப் பேப்பர், முனுசாமி. முன்பக்கம்தான் ஆவணம்."

"இல்லம்மா, கையெய்த்து முத்து முத்தா கீது…"

"எங்க பாடத்துல முன்பக்கம்னுதான் போட்டிருக்கு" என்றேன். எந்தப் பாடத்திலும் அப்படிப் போடவில்லை. ஆனால் சொன்னபோது நானே நம்பினேன். முனுசாமி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காகிதத்தைக் கட்டுக்குள் வைத்தார்.

நான்கு மாதத்தில் பட்டியல் முடிந்தது. ஒப்படைப்பு விழா வைத்தார்கள். தலைமை தாங்க ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர். முன்வரிசையில் சிவகாமி அம்மாள், வெள்ளைப் புடவையில். அவருக்குப் பக்கத்தில் அவருடைய தம்பி. மேசைமேல் அலங்காரமாக நான் தேர்ந்தெடுத்து வைத்த குடிநீர்க் கட்டு.

நீதிபதிக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. "மேயருடைய கையெழுத்திலேயே ஏதாவது வாசித்தால் நன்றாயிருக்குமே" என்று கட்டைப் புரட்டினார். எல்லாம் தட்டச்சு. ஒன்றைத் திருப்பினார். முகம் மலர்ந்தது. மைக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டார்.

"'மூன்று நாளாகப் பேச்சுவார்த்தை முறிந்து கிடக்கிறது. இப்படியே போனால் நிர்வாகம் நடக்காது.'"

நிமிர்ந்து சபையைப் பார்த்தார். "தொழிலாளர் பிரச்சினை என்று நினைக்கிறேன். எவ்வளவு கவலை பாருங்கள்!"

சபை கவலையோடு தலையாட்டியது. நானும் ஆட்டினேன்.

"'என் தரப்பில் தவறு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். விருந்தாளிகள் முன்னிலையில் உன் தம்பி குதிரை மாதிரி சிரிக்கிறான் என்று நான் சொல்லியிருக்கக் கூடாது…'"

நீதிபதியின் குரல் இறங்கியது. ஆனால் நாற்பது வருடம் சாட்சியங்களை வாசித்த வாய்க்கு நடுவில் நிறுத்தத் தெரியவில்லை.

"'…ஆனால் அவன் சிரிப்பது அப்படித்தான். அதற்காக நான்காவது நாளும் சர்க்கரை போடாத காபியை ஆபீசுக்குக் கொடுத்தனுப்புவது அநீதி. தயவுசெய்து கருணை காட்டவும்.' கீழே வேறு கையெழுத்து: 'மனு பரிசீலனையில் இருக்கிறது. சிவகாமி.'"

முன்வரிசையிலிருந்து ஒரு கனைப்பு. தம்பிதான் சிரித்தார். மேயர் ஓர் எழுத்துக்கூட மிகைப்படுத்தவில்லை என்பது ஊருக்கே தெரிந்தது. சபை வெடித்துச் சிரித்தது.

டைரக்டர் சிரிக்கவில்லை. அவர் என்னைப் பார்த்த பார்வையில் மதுரை மீசை தெளிவாகத் தெரிந்தது.

சிவகாமி அம்மாள் எழுந்து மேடைக்கு வந்தார். நீதிபதி கையிலிருந்து காகிதத்தை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். போச்சு, பெட்டிகளையே திருப்பிக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டுட்டேன்னுல்லா எங்கிட்ட சொன்னாவ!" என்றார் திருநெல்வேலிப் பேச்சில், யாரிடம் என்றில்லாமல். பிறகு என்னைத் தேடிப் பிடித்தார். "ஏட்டி, இன்னும் எத்தன இருக்கு?"

எனக்கு எப்படித் தெரியும்? ஒன்றைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லையே!

கதவருகே நின்ற முனுசாமி உதவிக்கு வந்தார். "நெறைய கீதும்மா! நான் அப்பவே சொன்னேன். இந்தப் பொண்ணுதான் ரஃப்புன்னுச்சு."

மறுபடியும் சிரிப்பு. அழுதுவிடாமல் இருக்க மேசைத் துணியின் பூக்களை எண்ணினேன்.

விழா முடிந்ததும் டைரக்டர் மன்னிப்புக் கேட்க ஓடினார். "அம்மா, இந்தப் பெண்ணை நாளைக்கே அனுப்பிடறேன். வேற ஆளைப் போட்டு…"

"எதுக்கு?" என்றார் சிவகாமி அம்மாள். "வேற ஆளுன்னா ஒழுங்காப் பாத்து, வீட்டுக் காயிதம்னு பொறுக்கி எங்கிட்டயே தந்திருப்பா. நானும் பாக்க முடியாம ஏதாவது பெட்டியில பூட்டி வச்சிருப்பேன். இன்னைக்கு அவுக குரலைக் கேட்ட மாதிரி இருந்துச்சு. இந்தப் பிள்ளையே இருக்கட்டும். ரெண்டு பக்கமும் பாத்து எழுதட்டும். இல்லன்னா பெட்டி வீட்டுக்கு வந்துரும்."

ஏழு பெட்டிகளை இழக்க டைரக்டருக்கு மனமில்லை. நான் பிழைத்தேன்.

மறுபடியும் எட்டு மாதம். இந்தமுறை ஒவ்வொரு தாளையும் திருப்பினேன். முனுசாமி பெரிய மனதோடு ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. (மாதம் ஒருமுறை மட்டும் காட்டுவார்.) செவ்வாய்தோறும் சிவகாமி அம்மாள் காரில் வந்து இறங்குவார். அவருக்குப் பார்வை மங்கியிருந்ததால் நான் வாசிப்பேன். மருமகள் பிரசவம், முறுக்கில் உப்பு, கவுன்சிலில் தோற்ற தீர்மானம், எல்லாம் மாநகராட்சித் தாள்களின் முதுகில் இருந்தன. டிபன் கேரியரோடு போய் வந்த கடிதங்கள். நகரத்துக்குத் தண்ணீர் எப்படி வந்தது என்பதோடு, அந்தத் தண்ணீருக்காக ராப்பகலாக அலைந்த மனிதர் சாப்பிட்டாரா இல்லையா என்பதும் அவற்றில் இருந்தது. எல்லாவற்றையும் நூலகத்துக்கே கொடுத்தார். ஒன்றை மட்டும் மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார். அதையும் நான்தான் வாசித்துக் காட்டினேன். அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

வேலை நிரந்தரமானது. முப்பத்தோரு வருடம் அங்கேயே இருந்தேன். அந்த நாற்காலி சிவகாமி அம்மாள் கொடுத்தது என்பதை ஒருநாளும் மறந்ததில்லை. மதுரை மீசை வேறு யாருக்கோ அமைந்தது. எனக்குக் கோட்டூர்புரத்திலிருந்து மீசையில்லாத ஒருவர் வந்தார். அவரிடம் இந்தக் கதையைச் சொன்னது மட்டும்தான் என் தப்பு.

போன மாதம் முழங்கால் வலிக்காக டாக்டரிடம் போனோம். அவர் மருந்துச் சீட்டு எழுதி நீட்டினார். பழக்கதோஷம், கை தானாகத் திருப்பிவிட்டது.

"என்னம்மா பாக்கறீங்க?" என்றார் டாக்டர்.

"ஒண்ணுமில்ல டாக்டர்" என்றார் என் வீட்டுக்காரர். "உங்க வீட்டம்மாகிட்ட ஏதாவது மன்னிப்புக் கேட்டிருக்கீங்களான்னு பாக்கறா."