இணைப்பு மூன்று: பாதிக்கப்பட்ட மாணவி

பட்டாபிராம் ஸ்வீட்லினுக்கு நடந்த அநியாயம் இதுதான்: அவள் செய்த கொக்கியை, அவளைத் தவிர்த்துப் பதினொரு பேர் கண்டுபிடித்துவிட்டார்கள்.

மின்சார ரயிலில் நின்றுகொண்டே போகிறவர்கள் கைப்பிடியில் பையை மாட்டிக்கொள்ள, எவ்வளவு குலுங்கினாலும் கழலாத கொக்கி அது. இரண்டு வருஷ உழைப்பு. திருநின்றவூரிலிருந்து பாடியிலுள்ள கம்பெனிக்கு வேலைக்குப் போகும் குப்பம்மாவின் சாப்பாட்டுப் பைதான் பரிசோதனைக்கூடம். மூன்று முறை சாம்பார் கொட்டியபின் நான்காவது கொக்கி நின்றது.

அவள் படிக்கும் பல்கலைக்கழகம் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. துணைவேந்தர் தொடங்கி விடுதிக் காப்பாளர் வரை பதவி வரிசைப்படி பெயர்கள். பதினொன்றாவது பெயரோடு தாள் முடிந்துவிட்டது.

காப்புரிமைப் பிரிவுக்கு விறுவிறுவென்று போனாள். இயக்குநர் உலகநாதன் உட்காரச் சொன்னார். அதுவே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

"சார், என் பேர் இல்ல."

"இல்லதாம்மா. அதுக்காக எங்களைவிட வருத்தப்படுறவங்க யாருமில்ல."

அறுபது பக்க மனு ஒன்றை நகர்த்தினார். டெல்லிக்குப் போகிறது. மாணவர் கண்டுபிடிப்பைப் பிறர் அபகரிக்கும் கொடுமையைத் தடுக்கக் காப்புரிமைச் சட்டத்தைச் சீர்திருத்த வேண்டும். மாணவர் கண்டுபிடிப்பால் பல்கலைக்கழகத்துக்கு வரும் வருமானத்துக்கு வரி கூடாது.

"அபகரிச்சது நீங்கதானே சார்?"

"அதனாலதாம்மா எங்களுக்கு அதோட கொடுமை நல்லாத் தெரியுது."

"இன்னொரு தாள் வெச்சு என் பேரைச் சேர்த்துடலாமே?"

உலகநாதன் பதறிப்போனார். "சேர்த்தா நீ பாதிக்கப்பட்டவளே இல்லன்னு ஆயிடுமே! மனு என்ன ஆகுறது? நாளைக்கு வரப்போற பிள்ளைங்க கதி? உனக்குப் பேர்தானே வேணும்? இங்க பாரு, இணைப்பு மூன்று, பாதிக்கப்பட்ட மாணவி. உன் பேர் மட்டும்தான். கொட்டை எழுத்துல."

வாதத்தில் அவளை ஜெயித்தவர் அந்த வளாகத்தில் கிடையாது. ஆனால் கொட்டை எழுத்தைப் பார்த்ததும் வாதம் கொஞ்சம் தடுமாறியது. கையெழுத்துப் போட்டாள்.

மனுவுக்காக நடத்திய கருத்தரங்க மேடையில் அவளுக்குப் பொன்னாடை போர்த்தி, "நம் பெருமைக்குரிய அபகரிக்கப்பட்டவர்" என்று அறிமுகப்படுத்தினார்கள். பதினொரு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

மறுநாள் ரயிலில் குப்பம்மா கேட்டாள்: "இன்னா ஸ்வீட்டு, பேரு போட்டாங்களா?"

"போட்டாங்கக்கா. பாதிக்கப்பட்டவங்க பட்டியல்ல."

"மூணு தபா சாம்பாரு கொட்டி என் பொடவையே நாஸ்தியாச்சு. பாதிக்கப்பட்டது நான்கூடத்தான். என் பேரு எங்க கீது?"

ஸ்வீட்லின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஏழு மாதம் கழித்து டெல்லியிலிருந்து பதில் வந்தது:

"தங்கள் மனு மிகுந்த கவனத்துடன் பரிசீலிக்கப்பட்டது. இணைப்பு மூன்றில் கண்ட மாணவியின் பெயர் காப்புரிமை விண்ணப்பத்தில் இல்லை. ஆகவே அவர் எதையும் கண்டுபிடித்தவர் அல்லர். எதையும் கண்டுபிடிக்காதவரிடமிருந்து எதையும் அபகரிக்க இயலாது. மாணவர் கண்டுபிடிப்பே இல்லாத நிலையில் வரிவிலக்குக் கோரிக்கையும் எழவில்லை. தங்கள் பல்கலைக்கழகத்தில் மாணவர் எவரும் பாதிக்கப்படவில்லை என்பதறிந்து இவ்வலுவலகம் மகிழ்ச்சி கொள்கிறது."