டப்பா காலியாகப் போகக் கூடாது

கதவைத் திறந்து வெளியே வைக்கப்போன காலை வித்தோல்ட் அப்படியே அந்தரத்தில் நிறுத்தினான். வாசலில் ஒரு கிம்ச்சி டப்பா இருந்தது.

பச்சை மூடி. சீட்டு எதுவும் இல்லை. பல வாரமாக அணைந்து கிடந்த நடைவிளக்கு அன்று பார்த்துப் பளிச்சென்று எரிந்ததால், டப்பா கோவில் பிரசாதம்போல் ஜொலித்தது.

"எனக்கா?" என்று நடையைப் பார்த்துக் கேட்டான்.

போலந்திலிருந்து தென்கொரியாவின் பூசானுக்கு வந்த நாளிலிருந்து அவனுக்கு யாரும் எதுவும் தந்ததில்லை. கப்பல் வரைபட ஆபீஸில் எல்லோரும் அவனைக் கண்டதும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். வேலை முடிந்ததும் மாயமாகிவிடுவார்கள். வீட்டில் அவனோடு கொரிய மொழி பேசியது, பதிவுக் குரலில் எச்சரிக்கும் அரிசி குக்கர் மட்டும்தான்.

"ஆவி வெளியேறப் போகிறது. கவனம்" என்று அது சொல்லும்.

"தகவலுக்கு மிக்க நன்றி" என்று இவன் சொல்வான்.

கீழே காவலாளி குவாக்குக்கு அவன் ஒரு வீட்டு எண், அவ்வளவுதான். "என்ன அறுநூத்தி மூணு, குளிருதா?" என்பார். பெயர் சொல்லிக் கூப்பிட இந்த ஊரில் ஒரே ஓர் ஆள் கிடைத்தால் போதும் என்று வித்தோல்ட் ஏங்கிக்கொண்டிருந்தான்.

டப்பாவை யார் வைத்திருப்பார்கள்? அந்த மாடியில் மற்ற கதவுகளில் விளம்பரத் தாள்கள் கற்றைகற்றையாகத் தொங்கின. அறுநூற்று நான்கின் வாசலில் மட்டும் ஒரு பூப்போட்ட குடை இருந்தது. ஆகவே அங்கேதான்.

காரம் போட்டுப் புளிக்கவைத்த அந்த முட்டைக்கோஸ் கிம்ச்சியைத் தின்று முடித்த பிறகு, மாலை கொரிய மொழி வகுப்பில் பியோ டீச்சரிடம் விஷயத்தைச் சொன்னான்.

"அடேயப்பா! உங்களை மனுஷனா மதிச்சு ஒருத்தங்க கொடுத்திருக்காங்க!" என்று டீச்சர் கை தட்டினார். "ஆனா ஒண்ணு. டப்பாவைக் காலியாத் திருப்பிக் கொடுத்துடாதீங்க. மானமே போயிடும். எதையாவது போட்டுத்தான் கொடுக்கணும்."

வித்தோல்ட் டப்பா நிறைய ஆப்பிள் அடுக்கி, குடைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஓடி வந்தான்.

இரண்டு நாளில் டப்பா திரும்பி வந்தது. உள்ளே நெத்திலி வறுவல்!

அன்று குக்கரிடம் வெகுநேரம் பேசினான்.

ஆனால் டப்பா மறுபடியும் அவனிடம் இருந்தது. காலியாகத் தரமுடியாது. கேக் சுட்டு வைத்தான். வறுத்த கெளுத்தி வந்தது. பன்றிக்கறி வைத்தான். இறால் வந்தது. கதவைத் தட்டித்தான் பார்ப்போமே என்று ஒருமுறை மாலையில் தட்டினான். யாரும் இல்லை. காலையில் தட்டினான். அப்போதும் இல்லை. குளிர்பெட்டி நிறைந்து, சன்னலோரம் நிறைந்து, அவன் கோட்டில் அடித்த மீன் வாசனையால் ஆபீஸ் லிஃப்டில் ஆட்கள் ஒதுங்கினார்கள்.

"டீச்சர், இதை எப்படி நிறுத்துவது?"

"நிறுத்தறதா? எதுக்கு நிறுத்தணும்? அவங்க ஒரு படி ஏறினா நீங்க ரெண்டு படி ஏறுங்க!"

ஏறினான். அந்த ஊரில் விலை கேட்டாலே தலைசுற்றும் மாட்டிறைச்சியை வாங்கி வைத்தான்.

பதிலுக்கு வந்த டப்பா நகர்ந்தது.

மூடியைத் திறந்தால் உயிரோடு ஓர் ஆக்டோபஸ். அது பாத்திரத் தொட்டியில் இறங்கி, குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வித்தோல்டை முறைத்தது.

"ஆவி வெளியேறப் போகிறது" என்றது குக்கர்.

கொல்ல மனம் வரவில்லை. வாளியில் போட்டுக் கடற்கரைக்குப் பஸ்ஸில் கொண்டுபோனான். நின்றுகொண்டிருந்த இவனிடம், "தம்பி, இதை அப்படியே பச்சையா நறுக்கி நல்லெண்ணெயில தொட்டுச் சாப்பிடு, அமிர்தம்!" என்று ஒரு அம்மாள் சொன்னார். பஸ்ஸில் அவனோடு யாராவது பேசியது அதுதான் முதல் தடவை.

அலையில் இறக்கிவிட்டதும் ஆக்டோபஸ் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனது. "சென்று வருக" என்று பாடப்புத்தகத்தில் படித்ததைச் சொன்னான்.

திரும்பும்போது காவலறையில் குவாக் கிம்ச்சி இல்லாமல் வெறும் நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"தாங்கள் வாட்டமாக உள்ளீர்கள்" என்றான் வித்தோல்ட்.

"ஏன் கேக்கறே அறுநூத்தி மூணு, வீட்ல சண்டை. ஒரு மாசமா சாப்பாடு கட்டித் தரமாட்டேங்கறா."

கைக்காசு எல்லாம் மாட்டிறைச்சிக்குப் போய்விட்டதால், இப்போது டப்பாவில் போட அவனுடையது என்று ஒன்றுமே மிச்சமில்லை. அம்மா சொல்லித் தந்தபடி தனக்கென்று புளிக்கவைத்திருந்த முட்டைக்கோஸ் மட்டும் இருந்தது. அதைப் போட்டு வைத்துவிட்டு வந்தான்.

டப்பா திரும்பி வரவில்லை.

அடுத்த நாளும் இல்லை. அந்த வாரமே இல்லை. நடைவிளக்கும் மறுபடி அணைந்து போயிற்று. கிம்ச்சி தின்று வளர்ந்தவர்களிடம் போயா முட்டைக்கோஸை நீட்டினோம் என்று வித்தோல்ட் தலையில் அடித்துக்கொண்டான். இருந்த ஒரே உறவும் போயிற்று.

ஞாயிறு மத்தியானம் சட்டைக்கு இஸ்திரி போட்டு, மன்னிப்பு வாக்கியத்தைக் குக்கரிடம் ஒப்பித்துப் பார்த்துவிட்டு அறுநூற்று நான்கின் கதவைத் தட்டினான்.

கதவு திறந்தது. தூக்கக் கலக்கத்தோடு ஒரு பெண். கையில் பச்சை மூடி டப்பா, காலியாக.

"மன்னித்தருள வேண்டும். அடியேனின் முட்டைக்கோஸ் தங்களைப் புண்படுத்தியதா?"

அவள் திருதிருவென்று விழித்தாள். பிறகு ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். "வணக்கம். என் பெயர் ஐனூரா. நான் கிர்கிஸ்தான் நாட்டிலிருந்து வருகிறேன்."

அவனுடைய பாடப்புத்தகத்தின் முதல் பாடம்! எழுத்துப் பிசகாமல் அதே வாக்கியம்.

"தாங்கள்... கொரிய நாட்டவர் அல்லவா?"

"அல்ல. மீன் கிடங்கில் இரவு வேலை. தாங்கள்தாம் கொரிய நாட்டவர் என்று எண்ணினேன். டப்பாவைக் காலியாகத் தரலாகாது என்று எங்கள் டீச்சர்..."

"பியோ டீச்சரா?"

"காலை வகுப்பு!"

"மாலை வகுப்பு!"

ஐனூராவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "எங்கள் வீட்டு முட்டைக்கோஸும் இதே சுவை. இதற்கு ஈடாக எதைப் போடுவது என்று தெரியாமல் ஒரு வாரம் தவித்தேன். ஐயா, தங்கள் பெயர் யாது?"

"வித்தோல்ட்."

"வித்தோல்ட்" என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அவன் இன்னொரு முறை சொல்லச் சொன்னான். சொன்னாள்.

"ஐனூரா, முதன்முதலில் எனக்குக் கிம்ச்சி வைத்ததற்கு நன்றி."

"நான் வைக்கவில்லையே. முதலில் ஆப்பிள் வைத்தது தாங்கள்தானே?"

இருவரும் டப்பாவைப் பார்த்தார்கள்.

படியில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. முட்டியைப் பிடித்துக்கொண்டு, தோளில் ஏணியும் கையில் புது பல்புமாகக் காவலாளி குவாக் ஏறி வந்தார். ஐனூராவின் கையைப் பார்த்ததும் ஏணியைத் தொப்பென்று போட்டார்.

"அடப்பாவிகளா, போன தடவை பல்பு மாத்த வந்தப்ப நான் மறந்து வச்சுட்டுப் போன என் கிம்ச்சி டப்பாவாச்சே, இதை எந்தப் பொம்பளைக்குக் கொடுத்தேன்னு கேட்டுத்தானே என் வீட்டுக்காரி என்னை வதைக்கிறா... அதென்ன, காலியாவா திருப்பித் தரப்போறீங்க?"