புல்லுக்குச் சாயம் போட்டவர்

உலகத்திலேயே புல்லைக் குனிந்து பார்த்து, "ரெண்டு டோன் டல்லா இருக்குதுங்க" என்று குறை சொல்லக்கூடிய ஆள் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் ஷேடு மாஸ்டர். பெற்றவர்கள் ஏதாவது பெயர் வைத்துத்தான் இருப்பார்கள். நாங்கள் யாரும் கேட்டதில்லை. திருப்பூர் சாயப்பட்டறைகளில் நாற்பது வருடம் டையிங் மாஸ்டராக இருந்து, பனியன் துணிக்குக் கேட்ட நிறத்தை இம்மி பிசகாமல் ஏற்றிக் கொடுத்து ஓய்வு பெற்றவர்.

நாங்கள் என்றால், கணியூர்ப் பக்கம் வயல்களுக்கு நடுவே இருக்கும் முதியோர் குடியிருப்புக்காரர்கள். முதியோர் இல்லம் என்று சொல்லிவிடாதீர்கள், மேனேஜருக்குக் கோபம் வரும். 'சீனியர் கோல்ஃப் வில்லா' என்று சொல்ல வேண்டும். விளம்பரத் தாளில் பச்சைப்பசேல் மைதானமும், தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரத் தாத்தாவும் இருந்தார்கள். நேரில் வந்து பார்த்தால் மைதானத்தில் பாதி சீமைக்கருவேலம், பாதி பார்த்தீனியம். மிஞ்சியது ஒரு பட்டிங் கிரீன் மட்டும். பந்தை மெதுவாகத் தட்டி உருட்டிக் குழியில் விழவைப்பதற்காக, புல்லை ஒட்ட வெட்டி வைத்திருக்கும் வட்டத்துக்கு அப்படிப் பெயர். ஒட்ட வெட்டுவதற்கு ஒரு மெஷின் இருந்தது. அதன் பிளேடு கோயமுத்தூருக்குச் சாணை பிடிக்கப் போய் அங்கேயே தங்கிவிட்டது. பிள்ளைகள் போன ஊரிலேயே தங்கிவிட்ட எங்களுக்கு அது ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை.

நான் கணக்கு டீச்சராக இருந்தவள். கணவர் காலமான பிறகு, ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகள் போனிலேயே வில்லாவைப் பார்த்து, போனிலேயே பிடித்துப்போய், போனிலேயே என்னைக் குடியும் வைத்தாள். வந்த அன்றைக்கே ஷேடு மாஸ்டர் வாசலில் வந்து நின்றார். பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. என் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங் டீச்சர், இந்த கர்ட்டன் ரெண்டும் ஒண்ணா எடுத்ததுங்களா?"

"ஆமாங்க. ஒரே கடை, ஒரே நாளு."

"ஒரே நாளா இருக்கலாமுங்க. ஒரே லாட்டு இல்லீங்க, வேற வேற தடவ சாயம் ஏத்துனது. எடது பக்கம் செவப்பு சாஸ்தி."

பழைய வீட்டில் பதினோரு வருடம் நிம்மதியாக மாட்டியிருந்த திரை. அந்த நிமிஷத்திலிருந்து இடது பக்கம் எனக்குச் சிவப்பாகவே தெரிகிறது. அறிமுகமான அன்றே ஒரு மனிதரை இத்தனை வெறுக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

மாஸ்டருக்குத் தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு பட்டிங் கிரீனில் ஆட்டம். முன்பு நான்கு பேர் ஆடினார்களாம். ஒருவர் சென்னையில் மகள் வீட்டோடு போய்விட்டார். ஒருவருக்கு முழங்கால் போய்விட்டது. ரயில்வேயில் இருந்த ஒருவர் ஒட்டுமொத்தமாகவே போய்விட்டார். மாஸ்டர் மட்டும் ஆட்டத்தை நிறுத்தவில்லை. நான்கு பந்தையும் அவரே ஆடினார். முழங்கால்காரர் முறை வந்தால் நொண்டிக்கொண்டு போய் அடிப்பார். சென்னைக்காரர் முறை வந்தால், அக்கம்பக்கம் பார்த்துவிட்டுப் பந்தைக் காலால் கொஞ்சம் குழிப்பக்கம் நகர்த்துவார்.

ஒருநாள் என் ஜன்னலில் இருந்தபடியே, "இன்னைக்கு யாருங்க ஜெயிச்சது?" என்று கிண்டலாகக் கேட்டேன்.

"நம்ம ரயில்வேக்காரருதானுங்க. செத்ததுக்கப்புறம் நல்லா ஆடறாருங்க."

சிரித்துவிட்டு ஜன்னலைச் சாத்தினேன். சாத்திய பிறகு ஏனோ அன்று சமைக்கவே பிடிக்கவில்லை.

அந்தப் புல்லோ நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டிருந்தது. கோரை முளைத்தது, எறும்புப் புற்று கிளம்பியது, மிச்சத்தை மயில்கள் கிளறிப் போட்டன. நேராக அடித்த பந்து பக்கத்து வயலை விசாரிக்கப் போனது. மேனேஜர் திருநெல்வேலிக்காரர். எதைச் சொன்னாலும், "மழை பெஞ்சா தானா வந்துரும் அண்ணாச்சி" என்பார். மாஸ்டர் சும்மா விடவில்லை. துணியில் ஓட்டையோ கறையோ இருந்தால் செக்கிங்கில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவார்கள் அல்லவா? அதில் ஒரு கட்டு வரவழைத்து, புல்லில் குறை இருக்கும் இடமெல்லாம் ஒட்டிவிட்டார். கூடவே மேனேஜர் மேஜையில் ஒரு ரிப்போர்ட்டும் வைத்தார்: ஓட்டை, கறை, நிற மாற்றம், முடிவு ரிஜெக்ட்.

மறுநாள் காலையில் ஒரு மயில் வாலில் இரண்டு சிவப்பு அம்புக்குறியோடு ஆபீஸ் வாசலில் உலாத்திக்கொண்டிருந்தது.

"என்ன அண்ணாச்சி, மயிலையும் ரிஜெக்ட் பண்ணிட்டியளே!" என்றார் மேனேஜர்.

"அதுல ஷேடு ஒண்ணும் குறையில்லீங்க. நடைதான் செரியில்ல" என்றார் மாஸ்டர், சிரிக்காமல்.

இந்த ரிப்போர்ட்தான் வினையாகிவிட்டது. குடியிருப்போர் சங்கத்தில் பேச்சு எழுந்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் போய்ப் பார்ப்பது. ஆடுகிற மாதிரி இருந்தால் விட்டுவிடுவது. இல்லையென்றால் பேவர் பிளாக் கல் பதித்து, பிள்ளைகள் வந்தால் கார் நிறுத்த இடமாக்கிவிடுவது. வராத பிள்ளைகளின் கார்களுக்கு ஏற்கெனவே அங்கே இடம் ஏராளம்.

வியாழக்கிழமை காலை மாஸ்டர் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு தட்டு, தட்டில் மூன்று டம்ளர். ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி காய்ந்த புல், வெவ்வேறு பச்சையில்.

"லேப் டிப்புங்க டீச்சர், சாம்பிளுக்கு முக்குனது. ஏ ஆப்ஷன், பி ஆப்ஷன், சி ஆப்ஷன். பாத்து அப்ரூவல் குடுத்தீங்கன்னா புரொடக்‌ஷன் ஆரம்பிச்சரலாமுங்க."

"புல்லுக்குச் சாயம் போடப்போறீங்களா? உங்களுக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?"

"ஞாயித்துக்கெழம ஒருநாள் பச்சையா இருந்தாப் போதுமுங்க. அப்புறம் மழை வந்துரும்."

"அந்தப் புல்லு இருந்தா என்ன, போனா என்னங்க? ஆடறது நீங்க ஒருத்தர்தானே?"

அவர் தட்டைக் கீழே வைத்தார். "புல்லு இருந்தாத்தானுங்க டீச்சர், யாராச்சும் ஒருத்தர் 'நானும் ஆடட்டுமா'ன்னு கேட்டு வருவாங்க. கல்லுப் போட்ட எடத்துக்கு ஒருத்தர் எதுக்குங்க வந்து நிக்கப்போறாரு? அஞ்சரைக்கு நான் எங்கீங்க போறது?"

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்று டம்ளரையும் கறாராக ஆராய்ந்தேன். சி ஆப்ஷன் என்றேன். எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

சனிக்கிழமை முழுக்க மருந்தடிக்கும் ஸ்பிரேயரை முதுகில் கட்டிக்கொண்டு அடித்தார். ஞாயிறு காலை பார்க்க வேண்டுமே! விளம்பரத் தாளில் இருந்த அதே பச்சை. வெள்ளைக்காரத் தாத்தா மட்டும்தான் பாக்கி. சங்கத் தலைவர் போட்டோ எடுத்து பிள்ளைகளுக்கு அனுப்பினார். கல் பதிக்கும் பேச்சு அங்கேயே அடங்கிவிட்டது. எல்லோருடைய வேட்டிக்கரையும் சாக்ஸும் பச்சையானது வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அன்று சாயங்காலம் ஏழு பேர் மட்டை தூக்கிக்கொண்டு வந்தார்கள். முழங்கால்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். மாஸ்டர் அன்றைக்குத் தன் பந்தை மட்டும் ஆடினார்.

அந்தக் கூட்டம் பத்து நாள் நீடித்தது. பிறகு புல் கருகத் தொடங்கியது. திட்டுத் திட்டாக இல்லை, ஒட்டுமொத்தமாக.

"கோரையே செத்துட்டு அண்ணாச்சி! கோரைய எவனாலயும் கொல்ல முடியாதே!" என்று மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

நான் மாஸ்டரைத் தனியே பிடித்தேன். "சாயத்தோட வேற என்னங்க கலந்தீங்க?"

"வழக்கம் போலத்தானுங்க. உப்பும் சோடா ஆஷும். அது ரெண்டும் போடாம காட்டன்ல சாயம் புடிக்காதுங்களே..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர், பாதியில் நின்றுவிட்டார். அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். "கை பாட்டுக்குப் போட்டுருச்சுங்க டீச்சர். நாப்பது வருசப் பழக்கமுங்க. நானே கொன்னுபோட்டனுங்க."

அடுத்த சங்கக் கூட்டத்தில் மேனேஜர், வெயில் தாங்காமல் புல் செத்துவிட்டது என்றுதான் சொன்னார். எல்லோரும் நம்பியும்விட்டார்கள். மாஸ்டர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எழுந்து நின்றார்.

"வெயிலு இல்லீங்க. நான்தானுங்க. உப்புத் தண்ணி அடிச்சுப்போட்டேன்."

சபையில் ஒரே கூச்சல். என்னைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. நானும் எழுந்தேன்.

"அப்ரூவல் குடுத்தது நானுங்க. சி ஆப்ஷன்" என்றேன்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. மாஸ்டருக்கு மட்டும் புரிந்தது. கல் பதிக்க வேண்டும் என்று கைகள் உயர்ந்தன, எங்கள் இருவரைத் தவிர. இரண்டு பேரால் எதை நிறுத்த முடியும்? ஒரே வாரத்தில் கல் பதித்துவிட்டார்கள். அதற்கடுத்த மாதம் மாஸ்டரின் மகன் வந்து, "அப்பா இங்க தனியா இருந்து என்னென்னமோ பண்றாரு" என்று சொல்லி, அவரை பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

இப்போது சாயங்காலங்களில் ஒரு சத்தமும் இல்லை. இந்தக் குடியிருப்பு இவ்வளவு அமைதியான இடம் என்பது அவர் போன பிறகுதான் தெரிகிறது. அந்த அமைதி எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

போன வாரம் போன் செய்தார். எட்டாவது மாடியாம். மகனும் மருமகளும் வேலை முடிந்து வர இருட்டிவிடுமாம்.

"கீழ பிளாஸ்டிக் புல்லு போட்டிருக்கறாங்க டீச்சர். ஷேடு பிரமாதமுங்க, ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா ஒரு சனம் வரமாட்டேங்குதுங்க."

"அப்பக் கெளம்பி இங்க வந்துருங்க."

"வந்து என்னங்க பண்றது? அங்கதான் புல்லே இல்லீங்களே."

"புல்லு இல்லீனா என்னங்க? நான் இருக்கறனல்லங்க" என்றேன்.

எழுபத்திரண்டு வயதில் ஒரு கணக்கு டீச்சர் இப்படியெல்லாம் பேசக் கூடாதுதான். பேசிவிட்டேன்.