தங்கபாய் மாமி வைத்த வெந்நீர்

நான் வெளிநாட்டுக்காரி. இதை நிரூபிக்கத் தெரியாமல் என் வீட்டு முற்றத்திலேயே மானம் போய் நின்ற கதையை இதுவரை நானாக யாரிடமும் சொன்னதில்லை. (மற்றவர்கள் சொல்லாத நாளில்லை.)

மூன்று வயதில், அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து இலங்கையிலிருந்து படகில் வந்தவள் நான். பாஸ்போர்ட் கிடையாது. முகாமில் வளர்ந்து, பிறகு இரணியல் ஊர்க்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தேன். இத்தனை வருஷமாகியும் சட்டத்தின் கண்ணில் நான் சட்டவிரோதமாகக் குடியேறியவள்தான். வழி கேட்கப் போனபோது வக்கீல் விரல் விட்டு எண்ணினார். "இந்தியரைக் கட்டினவங்க குடியுரிமைக்குப் பதிவு செய்யலாம், படகுல வந்தவங்களுக்கு அது இல்ல. ரொம்ப வருஷம் இருந்தவங்களும் கேக்கலாம், படகுல வந்தவங்களுக்கு அதுவும் இல்ல." மிச்சம் இருந்தது நீண்டகால விசா ஒன்றுதான். அதற்கு நான் எங்கிருந்து, எப்போது வந்தேன் என்று காட்ட வேண்டும். அதிகாரி வீட்டுக்கு வந்து விசாரிப்பார். என்னை நெடுநாள் அறிந்த ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும்.

அந்தக் காகிதத்துக்காக நான் ஏங்கினேன். போலீஸ் வண்டியைப் பார்த்துச் சந்துக்குள் ஒதுங்காமல், என் ஊர் என்று ஒரு நாளாவது சந்தைக்கு நடந்து போக வேண்டும்.

சாட்சிக்கு அடுத்த வீட்டுத் தங்கபாய் மாமியைப் பிடித்தேன். சர்ச் சபைக் கூட்டத்தில் சாட்சி சொல்ல மைக்கைப் பிடித்தால் லேசில் விடமாட்டார். (இவரை விட்டால் யார்?) "என்னைப் பத்தி நல்லதாச் சொல்லணும் மாமி" என்றேன். மகா புத்திசாலியான நான் அதற்கு மேல் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அதிகாரி வந்தார். முந்திரிக்கொத்தைக் கடித்தபடி, "இவங்களை எத்தனை வருஷமாத் தெரியும்?" என்று மாமியைக் கேட்டார்.

"எத்தனை வருஷமாவா? இவ பொறந்தப்போ சுடுவெள்ளம் வச்சுக் குளிப்பாட்டினதே நானாக்கும் சாரே! இவ நம்ம ஊருப் பிள்ளையாக்கும். அகதின்னு எவன் சொன்னான்?"

பேனா நின்றது. "இங்க பிறந்தவங்கன்னா எதுக்கும்மா விசா?"

"இல்ல சார்! நான் இஞ்ச பொறக்கல்ல! நான் வெளிநாட்டுக்காரி!" என்று தெருவே கேட்கக் கத்தினேன். எதை யாரும் என்னைப் பார்த்துச் சொல்லிவிடக் கூடாதென்று ஆயுசு முழுக்கப் பயந்தேனோ, அதை நானே சொன்னேன்.

"பேச்சைக் கேட்டா அப்படித் தெரியலையே" என்றார் அதிகாரி.

சரி, இலங்கைத் தமிழ் பேசிக் காட்டிவிடலாம் என்று துணிந்தேன். அது அம்மாவோடு போன பேச்சு. எவ்வளவு தேடியும், தினமும் அவள் என்னைக் கேட்ட ஒரே ஒரு கேள்விதான் கிடைத்தது. நெஞ்சை நிமிர்த்தி அதிகாரியைக் கேட்டேன்: "சாப்பிட்டனீங்களோ?"

"ஆச்சும்மா, இப்பதானே" என்று முந்திரிக்கொத்துத் தட்டைத் தள்ளி வைத்தார்.

முகாம் அட்டையை நீட்டினேன். "அட்டை ஒண்ணு சொல்லுது, சாட்சி ஒண்ணு சொல்லுது" என்று எழுதிக்கொண்டு, மறுவிசாரணை வரும் என்று போய்விட்டார்.

"உன்னைக் கப்பல்ல ஏத்தி அனுப்பீருவான்னு பயந்துட்டேன் மக்களே" என்று மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். கோபப்படப் பார்த்தேன், வரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பொய்யை இன்னொரு தடவை கேட்க வேண்டும்போல் இருந்தது.

அன்றிலிருந்து என் பிறந்தநாள் தோறும் விடிந்ததும் மாமி ஒரு வாளி வெந்நீரோடு வாசலில் நிற்கிறார். "நான் குளிப்பாட்டின பிள்ளையாக்கும்!" என்பார். என் மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். மறுவிசாரணைக்கு இன்னும் யாரும் வரவில்லை. வெந்நீர் மட்டும் வருஷம் தவறாமல் வருகிறது.